98 முதியவர்களின் சாட்சியம்: பானூமின் தட்டம்மை அறிக்கை – ஒரு திறனாய்வு

குழந்தைகளுக்கு வரும் அம்மை வகைகளில் தட்டம்மையை அறியாதவர் குறைவு. மணல்வாரி என்று அதை அழைக்கும் ஊர்கள் உண்டு. இலங்கையில் சின்னமுத்து என்பார்கள். முதலில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து கூசுதல் ஆகியவை தோன்றும். மூன்று நான்கு நாட்கள் சென்றபின் காதோரத்திலும் முகத்திலும் செந்நிறத் தடிப்புகள் எழுந்து, மார்பு, வயிறு, கை கால் என்று உடல் முழுதும் இறங்கும்.

இந்நோயைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்வது ஒன்றுண்டு. 'ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் வராது' என்பார்கள். அதனோடு சேர்த்து, 'ஆகையால் சிறு வயதிலேயே வந்துபோவது நல்லது' என்றும் சிலர் சொல்வதுண்டு. இவ்விரண்டு வாக்கியங்களும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால், ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

முதல் வாக்கியத்துக்கு அறிவியல் வழியில் வலுவான சான்று தந்த எழுத்து ஒன்று இருக்கிறது. டென்மார்க் நாட்டு மருத்துவர் பீட்டர் லுட்விக் பானூம் 1847இல் வெளியிட்ட அறிக்கை அது. ஃபாரோ தீவுகளில் 1846இல் பரவிய தட்டம்மையைப் பற்றித் தாம் கண்டவற்றை அதில் எழுதியிருக்கிறார். 1940இல் அமெரிக்காவில் இது ஆங்கில நூலாகவும் வெளிவந்தது. கொள்ளைநோயியல் பயிலும் மாணவர்கள் இன்றும் இந்த அறிக்கையைப் பற்றிப் படிக்கிறார்கள். அது எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை, எதைக் காணத் தவறுகிறது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

தீவும் நோயும்

ஃபாரோ தீவுகள் வட அட்லாண்டிக் கடலில் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே கிடப்பவை. டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டவை. பானூமின் காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 7,800 பேர். ஆடு வளர்ப்பும் மீன்பிடிப்பும் அவர்கள் தொழில். வாணிபம் முழுவதும் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1856 வரை அந்நிலை மாறவில்லை. ஆகவே வெளியுலகிலிருந்து வரும் கப்பல்கள் குறைவு. ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் இடையே கடல். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே மலை.

இத்தீவுகளில் 1781இல் தட்டம்மை பரவியது. பிறகு மறைந்தது. அடுத்த 65 ஆண்டுகள் அங்கு யாருக்கும் அந்நோய் வரவில்லை. 1846 மார்ச் 20ஆம் நாள் கோப்பன்ஹேகனிலிருந்து ஒரு மரத்தச்சர் கப்பலேறினார். புறப்படுவதற்குச் சற்று முன்பு அவர் அங்கே அம்மை கண்டிருந்தவர்களைப் பார்த்து வந்திருந்தார். மார்ச் 28இல் தலைநகரான டோர்ஸ்ஹவ்னில் இறங்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் அவருக்கு அம்மை கண்டது. அடுத்து அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவருக்குக் கண்டது. அதன்பின் சில மாதங்களுக்குள் தீவுகளின் மக்களில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள்.

அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. ஒருவர் பானூம், மற்றவர் மானிக்குஸ். பானூமுக்கு அப்போது வயது 25. மருத்துவப் படிப்பை முடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். நுண்ணுயிர்களே நோய்களுக்குக் காரணம் என்ற கொள்கை அன்று நிலைபெறவில்லை. ஆந்த்ராக்ஸ் நோய்க்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று ராபர்ட் கோஹ் காட்டியது 1876இல்தான். தட்டம்மையை உண்டாக்கும் வைரஸை எண்டர்ஸ், பீபிள்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பள்ளிச் சிறுவனின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததோ 1954இல். கெட்ட காற்றினாலும் நிலத்திலிருந்து எழும் நச்சாவியினாலும் நோய்கள் தோன்றுகின்றன என்று கற்றறிந்த மருத்துவர்கள் பலரே நம்பிய காலம் அது. பானூமிடம் இருந்த கருவிகள் ஒரு படகும், ஒரு குறிப்பேடும், கேள்வி கேட்கும் பொறுமையும்தான்.

நாட்களை எண்ணிய முறை

அறிக்கையின் முதல் சிறப்பு, அது நாட்களை எண்ணும் முறை. பெரிய நகரத்தில் ஒருவருக்கு அம்மை கண்டால், அது யாரிடமிருந்து, எந்த நாளில் தொற்றியது என்று சொல்ல முடியாது. தெருவில், கடையில், பள்ளியில் எத்தனையோ பேரோடு அவர் பழகியிருப்பார். ஃபாரோவில் நிலைமை வேறு. ஓர் ஊரார் வெளியூராரைச் சந்திப்பதே அரிது. அப்படிச் சந்தித்த நாள் எல்லாருக்கும் நினைவில் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஜூன் 4ஆம் நாள் வெஸ்ட்மன்னா துறையில் திமிங்கில வேட்டை நடந்தது. சிறுவகைத் திமிங்கிலங்களைப் படகுகளால் வளைத்துக் கரைக்கு ஓட்டி வந்து பிடிப்பது அத்தீவினர் வழக்கம். சொர்னுவீக் என்ற ஊரிலிருந்து பத்துப் பேர் ஒரே படகில் சென்று அதில் கலந்துகொண்டு திரும்பினார்கள். சில நாட்கள் இருமலும் கண்ணெரிச்சலும் இருந்தன. பிறகு ஜூன் 18ஆம் நாள் அந்தப் பத்துப் பேருக்கும் ஒருசேரத் தடிப்புகள் எழுந்தன. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அவ்வூரில் வேறு பலருக்கு எழுந்தன.

தொற்றிய நாள் ஒன்று. தடிப்பு எழுந்த நாள் ஒன்று. இடையே 14 நாட்கள். பானூம் இதை ஓர் ஊரில் கண்டதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகச் சென்று இதே கேள்வியைக் கேட்டார். விடை பெரும்பாலும் 13 அல்லது 14 நாட்களாகவே வந்தது. இன்றைய பாடநூல்களில் காணப்படும் கணக்கும் ஏறத்தாழ இதுவே.

இந்த எண்ணிக்கையைக் கொண்டே அவர் 'கெட்ட காற்று' வாதத்தை எதிர்க்கிறார். அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு ஒரே மழை, ஒரே குளிர், ஒரே காற்று. ஆயினும் ஓர் ஊரில் நோய் இருக்கிறது, அடுத்த ஊரில் இல்லை. வெளியாரை உள்ளே விடாமல் தம்மைத் தனிமைப்படுத்திக்கொண்ட ஊர்கள் தப்பின. நோய் காற்றின் போக்கில் செல்லவில்லை. மனிதர் சென்ற வழியில் சென்றது. ஆகவே தட்டம்மை ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது என்றும், பயணிகளைத் தனித்து வைத்தால் அதைத் தடுக்கலாம் என்றும் அவர் முடிவு கட்டுகிறார். குற்றவாளியைக் காணாமலே குற்றம் நடந்த விதத்தைச் சரியாக விளக்கிய துப்பறிவாளரின் திறமை இது.

98 பேரின் சாட்சியம்

அறிக்கையின் புகழ்பெற்ற பகுதிக்கு இப்போது வருவோம். 1781இல் அம்மை கண்டு பிழைத்தவர்களில் பலர் 1846இலும் உயிரோடு இருந்தார்கள். அவர்களுக்கு வயது 65க்கு மேல். அவர்களில் 98 பேரைப் பானூம் தாமே நேரில் பார்த்தார். தீவெங்கும் நோய் பரவியபோதும் அவர்களில் ஒருவருக்கும் அது மறுபடி வரவில்லை.

'வயதானவர்களுக்கு அம்மை வராது போலும். இதில் என்ன வியப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். பானூம் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். 1781இல் நோய்க்குத் தப்பிய முதியவர்களும் தீவுகளில் இருந்தார்கள். அவர்கள் 1846இல் நோயாளிகளோடு பழகியபோது அம்மை அவர்களைப் பற்றிக்கொண்டது. அதே வயது, அதே உணவு, அதே வீடுகள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: முன்பு நோய் கண்டிருந்ததா, இல்லையா? ஆகவே அவர்களைக் காத்தது முதுமையன்று, பழைய நோயே.

மாணவ நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 98 பேருக்கு நோய் வரவில்லை என்ற செய்தி மட்டும் இருந்திருந்தால் அது ஒரு வியப்பான தகவலாகவே முடிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கூட்டம் இருந்ததால்தான் அது சான்றாகியது. ஆய்வுக்கூடத்தில் 'ஒப்பீட்டுக் குழு' என்று நாம் இன்று ஏற்படுத்துவதை இயற்கையே அங்கு ஏற்படுத்தி வைத்திருந்தது. அதைக் கண்டுகொண்டது பானூமின் கூர்மை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இடையில் 65 ஆண்டுகள் தீவில் நோயே இல்லை. நோய் அடிக்கடி வந்துபோகும் ஊரில், பழைய தடுப்பாற்றல் மீண்டும் மீண்டும் தூண்டப்பட்டுப் புதுப்பிக்கப்படலாம். இங்கு அதற்கு வழியில்லை. ஒருமுறை பெற்ற தடுப்பாற்றல் யாதொரு தூண்டுதலும் இன்றி ஓர் ஆயுட்காலம் நின்றிருக்கிறது.

அறிக்கையின் முற்பகுதியை, அதாவது தட்பவெப்பம், வீடு, உடை, காற்றில் உலர்த்திய ஆட்டிறைச்சி என்று நீளும் பக்கங்களை, பலரும் தள்ளிவிட்டுப் படிப்பார்கள். உண்மையில் அவை சற்று அலுப்பூட்டுபவைதான். ஆனால் அத்தீவினரின் சராசரி வாழ்நாள் டென்மார்க் நாட்டினருடையதைவிடக் கூடுதல் என்ற செய்தி அங்கேதான் இருக்கிறது. முதியவர்கள் நெடுநாள் வாழ்ந்த நாடாக இருந்ததால்தான் 65 ஆண்டுக்குப் பின்னும் சாட்சிகள் கிடைத்தார்கள்.

சாட்சியத்தில் உள்ள ஓட்டை

இனிக் குறைகளைப் பார்ப்போம். முதல் குறை, நினைவை நம்பியது. 65 ஆண்டுக்கு முன் சிறுவயதில் வந்த நோயை ஒருவர் எப்படி உறுதியாக நினைவில் வைத்திருப்பார்? வந்தது தட்டம்மைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தக் குறை பார்ப்பதற்குப் பெரிதாயினும் முடிவை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. வேறொரு நோயைத் தட்டம்மை என்று தவறாக நினைத்திருந்த முதியவர்கள் அந்த 98 பேரில் சிலர் இருந்திருந்தால், அவர்களுக்கு 1846இல் அம்மை கண்டிருக்க வேண்டும். நினைவுத் தவறு பானூமின் முடிவுக்கு எதிராகவே வேலை செய்திருக்கும். ஆனால் மற்றொரு வகைத் தவறு நேரக்கூடும். ஊரெல்லாம் நோய் பரவியும் தமக்கு மட்டும் வராததைக் கண்ட ஒரு முதியவர், 'அப்படியானால் எனக்குச் சிறுவயதில் வந்திருக்க வேண்டும்' என்று பின்னர் எண்ணிக்கொண்டிருக்கலாம். விசாரணை நோய் பரவும் முன் நடக்கவில்லை என்பதால் இந்த ஐயத்தை முற்றிலும் நீக்க முடியாது. பின்னாளில் வேறு இடங்களிலும் வேறு முறைகளிலும் கிடைத்த சான்றுகள் பானூமின் முடிவை உறுதி செய்துவிட்டன. ஆனால் அறிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஓட்டை இருக்கவே செய்கிறது.

இரண்டாவது குறை, நோய் எப்போது தொற்றுகிறது என்பது பற்றியது. தடிப்பு எழும் காலத்தில்தான் தட்டம்மை தொற்றுகிறது என்ற பக்கமே பானூம் சாய்கிறார். இன்று நாம் அறிவது வேறு. தடிப்பு எழுவதற்கு நான்கு நாட்கள் முன்பே, வெறும் சளி இருமலாகத் தோன்றும் நிலையிலேயே, நோயாளியிடமிருந்து வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. நோயாளி அறையைவிட்டு அகன்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை அது அங்குள்ள காற்றில் தங்கக்கூடும். தடிப்பைக் கண்டபின் குழந்தையைத் தனியே படுக்க வைப்பது பெரும்பாலும் காலம் கடந்த செயல் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, 65 ஆண்டுகள் நோய் ஏன் வரவில்லை என்பதற்கு அறிக்கை தரும் விளக்கம் பாதிதான். வெளியிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை என்பது சரி. 1781இல் வந்தது அங்கேயே தங்காமல் ஏன் அணைந்தது? தட்டம்மை வைரஸுக்கு மனிதரைத் தவிர வேறு புகலிடம் இல்லை. ஒருவரை விட்டால் புதிதாக இன்னொருவர் வேண்டும். சிறு தீவில் எல்லாருக்கும் வந்து முடிந்தபின் அதற்குப் போக்கிடம் இல்லை. 1966இல் ஃபிரான்சிஸ் பிளாக் என்ற ஆய்வாளர் பல தீவுகளின் பதிவுகளை ஒப்பிட்டு, இந்நோய் இடையறாமல் நிலைத்திருக்க ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் வேண்டும் என்று கணக்கிட்டார். 7,800 பேர் கொண்ட ஃபாரோவில் அது நிலைக்காததில் வியப்பில்லை.

இறந்தவர்களின் பட்டியல்

நான்காவது விஷயத்தைக் குறை என்பதைவிட, அறிக்கையைப் படிப்பவர்கள் செய்யும் தவறு என்பதே பொருந்தும். 98 முதியவர்களைப் பற்றிய பக்கத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இறப்புக் கணக்கு உள்ள பக்கங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பானூம் இறப்பை எண்ணிய முறை பாராட்டத்தக்கது. 'இவர் அம்மையால் இறந்தார், இவர் நிமோனியாவால் இறந்தார்' என்று பிரித்துக்கொண்டிராமல், நோய் ஆண்டில் இறந்த அனைவரையும் வயதுவாரியாக எண்ணி, முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டார். கூடுதலாக இருப்பது அந்த ஆண்டின் நோய் வாங்கிய உயிர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இழப்பு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மிகுதி, இளவயதினரிடம் குறைவு, நடுவயது கடந்தோரிடம் மீண்டும் உயர்வு.

கைக்குழந்தைகள் ஏன் அவ்வளவு பேர்? சாதாரணமாகத் தாயிடமிருந்து பெறும் எதிர்ப்பொருள்கள் குழந்தையைப் பிறந்தபின் சில மாதங்கள் காக்கின்றன. ஃபாரோவின் தாய்மார்களோ 65 ஆண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். தங்களிடமே இல்லாததை அவர்கள் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பார்கள்? எதிர்ப்பொருள் என்ற சொல்லே இல்லாத காலத்தில் பானூம் இதை விளக்கியிருக்க முடியாது. ஆனால் விளக்கத்துக்கு வேண்டிய எண்களை அவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

அந்தக் கணக்கும் முழுமையானதன்று. அறிக்கை 1847இல் வெளிவந்துவிட்டது. அதன்பின் நடந்தது அதில் இல்லை. தட்டம்மை விட்டுச் செல்லும் தீங்கு அந்த ஆண்டோடு முடிவதில்லை என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு. நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 குழந்தைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019இல் வெளியாயிற்று. வேறு நோய்களை எதிர்க்க அக்குழந்தைகள் முன்பே பெற்றிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை தட்டம்மைக்குப் பின் காணாமற்போயிருந்தன. உடல் தன் பழைய பகைவர்களை மறந்துவிடுகிறது என்று இதைச் சொல்லலாம். இந்த மறதி இரண்டு மூன்று ஆண்டுகள் நீடித்து, பிற நோய்களால் நேரும் இறப்பைக் கூட்டுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் பயன்பட்ட பதிவுகளில் பானூமின் தாய்நாடான டென்மார்க்கின் பதிவுகளும் உண்டு.

இப்போது நாம் தொடக்கத்தில் கண்ட இரண்டு வாக்கியங்களுக்குத் திரும்புவோம். 'ஒருமுறை வந்தால் மறுபடி வராது' என்பதற்கு 98 முதியவர்கள் சாட்சி. ஆனால் அந்த 98 பேரும் யார்? 1781இல் பிழைத்தவர்கள். அந்த ஆண்டு இறந்த குழந்தைகளைப் பானூம் 1846இல் சந்தித்திருக்க முடியாது; அவர்களிடம் கேள்வி கேட்டிருக்க முடியாது. பிழைத்தவர்களை மட்டும் விசாரித்தால் எந்த நோயும் நல்ல நோயாகவே தோன்றும். 'ஆகையால் வந்துபோவது நல்லது' என்ற இரண்டாவது வாக்கியம் இந்த இடத்தில்தான் உடைகிறது. அதற்கு எதிரான சான்று வேறெங்கோ இல்லை; அதே அறிக்கையின் இறப்புப் பட்டியலில் இருக்கிறது. 1875இல் ஃபிஜித் தீவுகளில் இதே நோய் நுழைந்தபோது மக்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அதை நோக்க ஃபாரோ பட்ட இழப்பு குறைவே.

பானூமின் காலத்தில் அம்மைக்கு முன் இரண்டே வழிகள் இருந்தன: தப்பி ஓடுவது அல்லது பட்டுத் தேறுவது. மூன்றாவது வழி 1963இல் திறந்தது. அமெரிக்காவில் முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்கு அவ்வாண்டு அனுமதி கிடைத்தது. நோயின் துன்பம் இல்லாமலே உடலுக்குப் பாடம் கற்பிப்பது தடுப்பூசி. இரண்டு தவணை பெற்ற நூறு பேரில் சுமார் 97 பேருக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. நம் நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 9 முதல் 12 மாதத்துக்குள் முதல் தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணையும் போடப்படுகின்றன. அப்படி இருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,07,500 பேர் தட்டம்மையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

மதிப்பீடு

பானூம் பிற்காலத்தில் கீல் நகரிலும் கோப்பன்ஹேகனிலும் உடலியங்கியல் பேராசிரியராக விளங்கினார். இரு கண்களால் ஒரே காட்சியைக் காண்பது பற்றிய அவருடைய ஆய்வும் பெயர் பெற்றது. ஆயினும் 25 வயதில் படகேறி ஊர் ஊராகச் சென்று எழுதிய இந்த அறிக்கையே அவர் பெயரை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது எனலாம். விலையுயர்ந்த கருவியில்லாமல், தேதிகளையும் மனிதர்களையும் கவனமாக எண்ணியே ஒரு நோயின் இயல்பை எவ்வளவு தூரம் அறியலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அரிது. தெளிவாகத் தெரிந்ததையும் ஊகமாக இருப்பதையும் பிரித்துச் சொல்லும் நேர்மையும் அதில் உண்டு.

மாணவர்கள் இதைப் படிக்கும்போது 98 முதியவர்கள் வரும் பக்கத்தோடு நூலை மூடிவிடாமல், இறப்பு எண்ணிக்கை வரும் பக்கங்களையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அடுத்த முறை யாராவது 'எங்களுக்கெல்லாம் வந்துதான் போயிற்று, நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?' என்று கேட்டால், அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அப்படிச் சொல்ல வாய்ப்பில்லாமல் போனவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு முழுமையாகும் என்பதைப் பானூமின் பட்டியலைக் காட்டி நீங்கள் விளக்கலாம்.